தீர்த்தம் காய்ந்த பானட்

கல்யாண வீட்டுக்குப் போனால் எல்லாரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்ப்பார்கள். நான் வாசலில் நிற்கிற வண்டிகளைப் பார்ப்பேன். எந்தக் கதவில் கீறல், எந்தக் கூரையில் காக்கை எச்சம் காய்ந்து கிடக்கிறது, எவன் அழுக்குத் துணியால் துடைத்து வட்டம் வட்டமாக வரி போட்டிருக்கிறான் என்று கண் தானாகப் போய் நிற்கும். பதினாறு வருஷமாக ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில், பாலிஷ் லைனில் நிற்கிறேன். கறையைக் கண்டால் கை சும்மா இருக்காது. அதைவிடக் கேடு, வாய் சும்மா இருக்காது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் பட்டது வேறொருத்தர்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயின்ட் அடித்து, சூட்டில் காய்ந்து வருகிற வண்டியை வரிசை வரிசையான விளக்குகளுக்கு நடுவே நிறுத்தி, தூசி விழுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, தேய்த்து, மெருகேற்றி அனுப்ப வேண்டும். உள்ளே போகிறவன் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, முகத்துக்குப் பவுடர் போடக் கூடாது. அந்தப் பசை துளி பட்டாலும் பெயின்ட் ஒட்டாமல் குழி விழும். மோதிரம், வாட்ச் எதுவும் கிடையாது. நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். கிளியர் கோட் என்போம். காகிதத்தைவிட மெல்லிசு, ஆனால் பளபளப்பெல்லாம் அதில்தான். பாலிஷ் போட்டால் அழுக்கு போகிறது என்று வெளியே நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் பூச்சையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிறோம். அளவாகச் சுரண்டினால் மினுக்கும். மீறினால் வெளுத்துப்போகும். அப்புறம் யார் வந்து தேய்த்தாலும் மெருகு ஏறாது.

என் அக்கா வடக்குப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன், என் மாமா, மறைமலை நகரில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டினார். இடது கைக்காரர். அதிகம் பேச மாட்டார். இருபது வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டிவிட்டு, ஒருவழியாகச் சொந்தமாக ஒரு கார் வாங்கினார். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டிதான். ஆனால் கருநீல நிறம், நல்ல நிலை. நானே கூடப் போய், விரலால் தடவிப் பார்த்து, சரி என்று சொன்ன வண்டி.

வாங்கிய வாரமே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், மாதா கோயில் வாசலில் நிறுத்தி வண்டியை மந்திரிக்கப் பங்குச் சாமியாரைக் கூப்பிட்டார். மே மாத வெயில். சாமியார் தாராளமான மனிதர். ஸ்டியரிங், சக்கரம், என்ஜினை மூடுகிற பானட் என்று எல்லாவற்றிலும் தீர்த்தத்தை வாரித் தெளித்தார். எங்கள் பக்கம் போர் தண்ணீர் உப்பு. மந்திரித்தாலும் அது அந்தப் போரில் வந்த தண்ணீர்தானே? நான் துணியை எடுத்துக்கொண்டு பானட் பக்கம் போனேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொடைக்காத மச்சான். தீர்த்தம். தானா காயட்டும்.”

எங்கள் ஆட்கள் நெற்றியில் பட்ட தீர்த்தத்தையே துடைக்க மாட்டார்கள். வண்டியில் பட்டதை மட்டும் துடைக்க விடுவார்களா? சுடுகிற பானட்டில் உப்புத் தண்ணீர் காய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கோயில் வாசலில் நின்று சண்டை போட முடியாது என்று விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் பானட் முழுக்க வெள்ளை வெள்ளையாக வளையம் விழுந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த மாதம் சுங்குவார்சத்திரத்தில் எங்கள் வீட்டில் விருந்து. என் மகள் கோயிலில் முதல்முறையாக நற்கருணை, அதாவது புது நன்மை, வாங்கியிருந்தாள். மாமா முதல்முறையாகச் சொந்தக் காரில், அக்காவையும் தன் மகளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். புதுச் சட்டை. சாவியைப் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். பந்தல் நிறையச் சொந்தக்காரர்கள். என் லைனில் வேலை செய்கிறவர்கள் நாலு பேரும் வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் என் கெத்தைக் காட்ட வேண்டாமா?

“இன்னா மாமா, இருபது வருஷமா ஊரான் வண்டிய கண்ணாடி கணக்கா வெச்சிருந்தீங்க. சொந்த வண்டி இன்னான்னா, தேமல் புடிச்ச மூஞ்சி மாதிரி கீதே!”

பந்தியே சிரித்தது. பச்சடி வாளியோடு நின்றவனும் சிரித்தான். மாமாவும் சிரித்தார். “தீர்த்தம் மச்சான். அப்படியே கெடக்கட்டும்” என்றார். அவரே சிரிக்கிறாரே என்று நான் இன்னும் ரெண்டு போட்டேன். அவர் கையில் சாவி இருந்ததா, சட்டைப் பைக்குள் போய்விட்டதா என்று நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எப்போது வடக்குப்பட்டுக்குப் போனாலும் காருக்கு உறை போட்டிருக்கும். “கழட்டுங்க மாமா, அரை மணியில எடுத்துக் குடுத்துர்றேன்” என்பேன். “வேணாம் மச்சான். அது ஆசீர்வாதம்” என்பார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தார்.

“வண்டி எங்க மாமா?”

“சர்வீஸ்ல கீது.”

ஈஸ்டருக்கும் சர்வீஸில் இருந்தது. வைத்துக்கொண்டு வஞ்சனையா, இப்படியும் ஒரு மனுஷனுக்குப் பிடிவாதம் இருக்குமா என்று அக்காவிடமே திட்டினேன். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன மழைக்காலத்தில் மாமா இறந்துபோனார். மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உறை போட்டு நின்ற அந்தக் காரைத் தாண்டித்தான் தெருவுக்கு இறங்கினோம். அப்போதும் என் கண் அந்த உறை மேல் போயிற்று. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இந்த வருஷம் அவர் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. அக்கா போன் பண்ணினாள்.

“அப்பா வண்டியிலதான் கோயிலுக்குப் போவேன்றா. அந்த பானட்ட மட்டும் நீ பார்த்துக் குடுடா. வேற யார்கிட்டயும் வுட எனக்கு மனசு வரல.”

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். மாமாவுக்கு நான் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்த மாதிரியும் அதை இப்போது செய்துவிடலாம் என்பது மாதிரியும் தோன்றியது. கல்லறையில் மாலை யார் வேண்டுமானாலும் போடலாம். இது என் கையால் மட்டும் ஆகிற மரியாதை என்று நினைத்துக்கொண்டு போனேன்.

காலையில், வெயில் ஏறும் முன்னே, நிழலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் பானட் குளிர்ந்திருக்க வேண்டும். சூட்டில் எதைத் தடவினாலும் அதுவே புதுக் கறை ஆகிவிடும். உறையைக் கழற்றினேன். தூசி அப்பி, சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. உப்புதான் என்று நினைத்தேன். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவினேன். வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்து, துணியில் நனைத்து வளையங்களின் மேல் போட்டு, காய்வதற்குள் எடுத்துக் கழுவினேன். அதன்பிறகு கிளே. பிசைந்த மாவு மாதிரி ஒரு கட்டி. அதைச் சோப்புத் தண்ணீர் விட்டு வழுக்கவிட்டால் போதும், அமுக்கக் கூடாது. ஒட்டியிருப்பதை அதுவே பிடித்து எடுத்துவிடும். ஈரத்தோடு பார்க்கும்போது கருநீலம் அப்படியே திரும்பி வந்திருந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஈரம் காயக் காய, பானட் மறுபடியும் வெளுத்தது.

டார்ச்சை எடுத்துச் சாய்த்து அடித்தேன். நேராக அடித்தால் தெரியாது, சாய்த்துப் பிடித்தால்தான் கீறல் தெரியும். ஒன்றா இரண்டா, பானட் முழுக்கக் கீறல். நடுவில் ஒரு கை அகலத்துக்கு மேல்பூச்சே இல்லை. எனக்கு ரத்தம் கொதித்தது.

“எந்த அறிவு கெட்டவன்க்கா இதத் தேய்ச்சது? பாத்திரம் தேய்க்கிற நாரைப் போட்டுத் தேய்ச்சிருக்கான்! எவன்னு சொல்லு, போய் நாலு அறை வுட்டுட்டு வரேன்!”

நான் மறுபடியும் டார்ச்சை அடித்தேன். லைனில் கீறல் கோட்டைப் பார்த்தே இது இன்னார் தேய்த்தது என்று சொல்லிவிடுவோம். வலது கைக்காரன் தேய்த்தால் கோடு ஒரு பக்கம் சாயும். இவை மறுபக்கம் சாய்ந்திருந்தன. அத்தனை கோடும்.

அந்த வீட்டில் இடது கைக்காரர் ஒருத்தர்தான் இருந்தார்.

“உன் வூட்டு விசேஷத்துக்கு வந்துட்டுப் போனோமே” என்றாள் அக்கா. “மறுநாள் அவரு டூட்டிக்குப் போவல. காலையிலேயே பல் தேய்க்கிற பேஸ்ட்டும் பச்சை நாரும் எடுத்துக்கினு வந்து நின்னுட்டாரு. மத்தியானம் வரைக்கும் தேய்ச்சாரு. தண்ணி ஊத்தினா பளபளன்னு இருக்கும், ‘போய்டுச்சுடி, போய்டுச்சு’ம்பாரு. காஞ்சா வெள்ளையா பூத்துக்கும். மறுபடி தேய்ப்பாரு.”

“தீர்த்தம், தொடைக்கக் கூடாதுன்னு அவர்தானேக்கா சொன்னாரு?”

“அப்புறம் போய் சாமியார்கிட்ட அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கினு வந்தாரு.”

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.”

“நான் சொன்னேன், தம்பிய வரச் சொல்லலாம்னு. ‘வேணாம், அவன் சிரிப்பான்’னுட்டாரு.”

நான் பானட் பக்கத்திலேயே தரையில் குந்திவிட்டேன். கிறிஸ்துமஸுக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினாரே, அந்த முகம் முன்னால் வந்து நின்றது. சொந்தமாக வாங்கின காரை ஒரு சொல்லுக்காக உறைக்குள் போட்டு வைத்திருந்தார். சொன்ன நான் அவரைப் பிடிவாதக்காரர் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அழுதேன். அக்கா என்னைத் தேற்றவில்லை, அவளும் அழவில்லை. தண்ணீர்க் குழாயைப் போய் நிறுத்திவிட்டு வந்தாள்.

பாலிஷ் மிஷினில் பஞ்சு மாட்டித் தயாராக வைத்திருந்தேன். கழற்றிப் பைக்குள் போட்டேன். இதற்கு மேல் தேய்த்தால் நிறமே எழும்பி வந்துவிடும். மெல்லிய துணியால் மெழுகு மட்டும் பூசினேன்.

“ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போய் புதுசா பெயின்ட் அடிச்சுடலாம்க்கா. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் கீது.”

“அடிச்சா அவரு தேய்ச்சது போய்டுமா?”

“போய்டும்.”

“அப்ப வேணாம்.”

கல்யாணத்தன்று காலை பூ அலங்காரக்காரன் டேப்போடு வந்தான். பானட்டில் டேப் ஒட்டக் கூடாது, இருக்கிற பூச்சும் அதோடு உரிந்து வரும் என்று தடுத்துவிட்டேன். கதவுக் கைப்பிடிகளிலும் பின்பக்கமும் பூச்சரத்தைக் கட்டினான். பானட் வெறுமனே இருந்தது. தாய்மாமன் நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். மூன்று வருஷத்துக்கு முன் தீர்த்தம் தெளித்த அதே இடத்தில் நிறுத்தினேன்.

என் லைன் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கும் என் வியாதிதான், பெண்ணைப் பார்க்கும் முன் வண்டியைப் பார்த்தார்கள். அன்றைக்குப் பந்தியில் சிரித்தவர்களில் ஒருவன் பானட்டைச் சுற்றி வந்தான்.

“இன்னாண்ணா இது? நீ கீற வூட்டு வண்டியா இது? எவன் இப்படித் தேய்ச்சுக் கெடுத்தான்?”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கதவுப் பக்கம் குனிந்து மகளின் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்த அக்காவின் கை அப்படியே நின்றது.

“நான்தாம்பா” என்றேன். “நான் கெடுத்ததுதான் அது.”

“பதினாறு வருஷ பாலிஷ்காரன் பண்ற வேலையாண்ணா இது!” என்று இன்னொருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கு மாமா சிரித்த மாதிரி நானும் சிரித்தேன்.