பர்கர் கடைக்கு எதற்கு முன்பதிவு?

ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில், ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள் லொரெட்டா ப்ரூயிட். கன்னம் வீங்கி, கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவனிடம், "அடுத்த மாசம் பதினேழாம் தேதி காலையில உங்களுக்குச் சௌகரியப்படுமா?" என்று புன்னகை மாறாமல் கேட்கக்கூடியவள். வலித்தால் வலிக்கட்டும், அதற்காக நேரம் வாங்காமல் வரலாமா என்பது அவள் கட்சி.

அவள் புருஷன் வெர்னன், கல்யாணத்துக்கு முன்னால், மோதிரத்தைப் பையில் போட்டுக்கொண்டு நடுங்கிக்கொண்டே அவள் வீட்டு வாசலில் போய் நின்றான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"ஜூன் ரெண்டாவது சனிக்கிழமை போயிடுச்சு வெர்ன். சர்ச் ஹாலுக்கு மூணாவது சனிதான் கிடைச்சுது."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே!"

"இப்பக் கேளேன், யாரு வேணாம்னா?"

கேட்டான். அன்றிலிருந்து வெர்னன் பேசுவதைப் பெரும்பாலும் குறைத்துக்கொண்டான். கெட்டிக்காரன்.

இப்படிப்பட்ட பெண்மணிக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி உலகத்தில் ஒரு இடம் உண்டு. ஃப்ளோரிடாவில் இருக்கிற அந்த மகா பெரிய தீம் பார்க். விடுதி, ஏரி, படகு, ராட்டினம், முயல் வேஷம் போட்ட ஆள் எல்லாம் அங்கே சும்மா ஒப்புக்குத்தான். உண்மையான விளையாட்டு, சாப்பாட்டு மேஜைக்கு முன்பதிவு செய்வது. போவதற்கு இரண்டு மாதம் முன்னால், காலை ஆறு மணிக்குக் கணினி கதவு திறக்கும். நாடு முழுக்க அம்மாக்கள் பல் விளக்காமல், தலை வாராமல், போனில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து வரப்போகிற ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்குத் தன் குடும்பத்துக்குப் பசிக்குமா, பசித்தாலும் பீட்சாவுக்குப் பசிக்குமா மீனுக்குப் பசிக்குமா என்பதை அப்போதே முடிவு செய்தாக வேண்டும். ஜோசியக்காரனுக்குக்கூட இவ்வளவு தைரியம் வராது.

மெழுகுவர்த்தி ஏற்றிய பெரிய உணவகங்களுக்கு இப்படிப் பண்ணினாலாவது ஒரு அர்த்தம் இருக்கிறது. அரை நிஜாரும் ரப்பர் செருப்புமாகப் போய் உட்காருகிற பர்கர் கடைக்குமா? இந்தக் கேள்வியில்தான் அந்த அம்மாக்களின் ஃபேஸ்புக் குழு இரண்டு கட்சியாகப் பிளந்து கிடந்தது. "பசிச்சா போய் நின்னா குடுக்கப் போறான்" என்பது ஒரு கட்சி. "புக் பண்ணாம போனா உன் பிள்ளைங்க நடுரோட்டுல அழும்" என்பது இன்னொரு கட்சி. இரண்டாம் கட்சிக்குத் தலைவி யாரென்று நான் சொல்ல வேண்டுமா? இண்டியானாவிலிருந்து ஒருத்தி "புக் பண்ணாமலே எங்களுக்கு மேஜை கிடைச்சுது" என்று போட்டோ போட்டபோது, லொரெட்டா அதற்குக் கீழே, "பாவம், நல்லா இருங்க" என்று மட்டும் எழுதினாள். அந்த ஊர்ப்பக்கம் அதைவிடக் கேவலமாக ஒருத்தியைத் திட்டவே முடியாது.

ஏப்ரலில், லொரெட்டாவின் ஒரே மகள் கொரின் போன் பண்ணினாள். கல்யாணமாகி டென்வரில் இருக்கிறாள். அம்மாவோடு பார்க்குக்கு வருவதை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. அவள் முழுகாமல் இருந்தாள். பிரசவம் அக்டோபரில். அந்த நல்ல செய்தியைக் கேட்ட நிமிஷத்திலிருந்து லொரெட்டா ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் போய் ஒரு மாதமாவது மகளோடு இருக்க வேண்டும். கேட்கத்தான் பயமாக இருந்தது.

"அம்மா, இந்த வருஷம் நாங்களும் பார்க்குக்கு வரோம்" என்றாள் கொரின்.

"அப்பாடா! இப்பவே நான் உக்காந்து..."

"நில்லு. ஒரு கண்டிஷன் இருக்கு. எந்தச் சாப்பாட்டுக்கும் நீ புக் பண்ணக் கூடாது. ஒரு வேளைக்குக்கூட. பசிச்சா சாப்பிடுவோம், எது கண்ணுல படுதோ அங்க போவோம்."

"பர்கர் கடைக்குக்கூடவா?"

"பர்கர் கடைக்கு எதுக்கும்மா புக்கிங்? உனக்கே சிரிப்பு வரல? இந்த ஒரு வாரம் நீ சும்மா இருந்து காட்டு. அப்புறம் அக்டோபர்ல நீ வரதைப் பத்திப் பேசலாம். குழந்தை பொறந்த வீட்டுல வந்து நீ எல்லாத்துக்கும் மணி அடிச்சிக்கிட்டு நின்னா என்னால தாங்க முடியாது. சொல்லிட்டேன்."

லொரெட்டா சத்தியம் பண்ணினாள். போனை வைத்ததும் சமையலறை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நல்ல பொண்ணு பெத்து வச்சிருக்கேன்! சோறு கிடைக்காம அலையறதுக்கு ஆசைப்படறா பாரு" என்றாள் வெர்னனிடம்.

"ஒரு வாரம்தானே. விட்டுத்தான் பாரேன்" என்றான் வெர்னன்.

விட்டுப் பார்க்கத்தான் நினைத்தாள். மனசாரத்தான் நினைத்தாள். ஆனால் முன்பதிவு திறக்கிற அந்த நாள் வந்தபோது, காலை ஐந்தே முக்காலுக்கே அவள் கண் தானாக விழித்துக்கொண்டது. வயிற்றுப் பிள்ளைக்காரி, ஃப்ளோரிடா வெயிலில், கால் வீங்கிப்போய், ஒரு கடை வாசலில் "இடமில்லை" என்ற பதிலைக் கேட்டு நிற்கிற காட்சி கண்முன் வந்தது. போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். வெளியே வரும்போது ஒரு வாரத்து இரவுச் சாப்பாடும் அவள் கையில் இருந்தது. எல்லாம் அந்தச் சாதாரணக் கடைகள்தான். பீட்சா, பர்கர், ஏரிக்கரை மீன் கடை.

ஜூலையில் போனார்கள். பார்க் விடுதியில் எல்லோருக்கும் ஒரே அறை. லொரெட்டாவும் வெர்னனும், கொரினும், அவள் புருஷன் கிரேடியும். கிரேடி நல்ல பையன். மாமியார் எது சொன்னாலும் "சரிங்க" என்பான். பெண்டாட்டி அதற்கு நேர்மாறாகச் சொன்னாலும் "சரி" என்பான்.

அந்த வாரம் லொரெட்டா பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. புக் பண்ணின கடைக்குக் குடும்பத்தைப் புக் பண்ணின நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுவும் தற்செயலாக! "அட, இங்க ஒரு பீட்சா கடை இருக்கே!" என்று, இருபது வருஷமாகச் சாப்பிட்டுவரும் கடையைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். அதற்கு முன்னால் கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஓடிப்போய், வாசலில் நிற்கிற பெண்ணிடம் ரகசியமாகப் பேச வேண்டும்.

"நான்தான் ப்ரூயிட். கொஞ்ச நேரத்துல குடும்பத்தோட வருவேன். புக் பண்ணியிருக்கேன்னு மட்டும் சொல்லிடாதேம்மா."

"ஏன் மேடம்?"

"குடும்ப விஷயம்."

அந்தப் பெண், இவர்கள் வந்ததும் "உங்க அதிர்ஷ்டம், இப்பதான் ஒரு மேஜை காலியாச்சு" என்பாள். கொரின் உடனே அம்மாவைத் திரும்பிப் பார்ப்பாள்.

"பாத்தியா? புக் பண்ணாமலே கிடைக்குதா இல்லையா? இத்தனை வருஷமா எங்களை என்ன பாடு படுத்தின!"

"ஆமாம்மா, நான்தான் முட்டாள்" என்பாள் லொரெட்டா. வயிறு எரியும். உலகத்தில் யாருக்கும் இந்தக் கொடுமை வரக் கூடாது. தான் கண் விழித்து வாங்கின மேஜையில் உட்கார்ந்துகொண்டு, முன்பதிவே தேவையில்லை என்று மகள் பண்ணுகிற பிரசங்கத்தைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியிருந்தது. வேறு சமயமாக இருந்தால் குழுவில் போட்டோவோடு நாலு பக்கம் எழுதியிருப்பாள். அக்டோபரை நினைத்து, ரொட்டியை நன்றாக மென்று விழுங்கினாள்.

கடைசி நாளன்று விஷயம் கை மீறிப் போயிற்று. மீன் கடையில் ஆறரைக்குத்தான் மேஜை. ஆனால் ஐந்தேகாலுக்கே கொரின் நின்ற இடத்தில் நின்றுவிட்டாள்.

"எனக்கு மீன் வேணும். ஏரிக்கரைக் கடை மீன். இப்பவே."

"இப்பவேவா? இன்னும் ஒரு ராட்டினம் சுத்திட்டு..."

"அம்மா, நான் ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும். ராட்டினம் சுத்தச் சொல்றியா?"

வெர்னன் வழியில் தள்ளுவண்டியில் ஒரு பெரிய வான்கோழிக் காலை வாங்கிக் கடித்துக்கொண்டே வந்தான். அவனுக்கு எந்தக் கடையில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான்.

மீன் கடை வாசலில் ஒரு இளைஞன், கையில் பட்டியலைக் காட்டும் கணினிப் பலகையோடு நின்றான். அவனுக்குப் பின்னால் கூடத்தில் பாதி மேஜைகள் காலியாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் "முன்பதிவு" என்று ஒரு சின்ன அட்டை. வாசலில் நீச்சல் உடையோடு, ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு இரண்டு குழந்தைகளும் அவர்கள் அப்பாவும் நின்றிருந்தார்கள். சின்னது அழுதுகொண்டிருந்தது.

"மன்னிக்கணும், எல்லா மேஜையும் போயிடுச்சு. புக் பண்ணினவங்களுக்கு மட்டும்தான்" என்றான் இளைஞன்.

"அதான் இவ்வளவு காலியா கிடக்கே!" என்றாள் கொரின்.

"காலி இல்லைங்க. ஆள் இன்னும் வரல."

கொரின் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முகம் வெளுத்திருந்தது. செருப்பு வாருக்கு வெளியே பாதம் பிதுங்கிக்கொண்டு நின்றது. ஒரு கையால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்பைத் தாங்கினாள். லொரெட்டா குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கற்பனை பண்ணின அதே காட்சி! பேசாமல் நின்றால் அக்டோபர் மிஞ்சும். கழிவறைக்குப் போவதாகச் சொல்லி ஓடக்கூட வழியில்லை. மகள் தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"போனா போகுது" என்றாள் லொரெட்டா. "தம்பி, ப்ரூயிட்னு பாரு. நாலு பேர். ஆறரை."

இளைஞன் விரலால் தேய்த்துப் பார்த்தான். "இருக்கு மேடம். சீக்கிரம் வந்துட்டீங்க, பரவாயில்ல. மேஜை தயாராத்தான் இருக்கு."

கொரின் கையை உதறினாள்.

"சத்தியம் பண்ணினியேம்மா! எல்லா நாளும் இப்படித்தானா? பீட்சாவும்? பர்கரும்? ஐயோ, நான் லூசு மாதிரி அதிர்ஷ்டம் அதிர்ஷ்டம்னு... உன்னால ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் சும்மா இருக்க முடியாதா? போதும். அக்டோபர்ல நீ வரவே வேணாம்."

லொரெட்டா கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். வெர்னன் வான்கோழிக் காலைக் கடிப்பதை நிறுத்தினான். கிரேடி யாருக்குச் "சரி" சொல்வதென்று தெரியாமல் ஏரியைப் பார்த்தான்.

இளைஞன் தொண்டையைச் செருமினான். "மேடம், அப்ப இன்னொண்ணை என்ன பண்றது? உங்க விடுதி அறை நம்பர்லயே ஹாடிக்ஸ்னு ஒண்ணு இருக்கு. நாலு பேர், ஆறேகால்."

ஹாடிக்ஸ் என்பது கிரேடியின் குடும்பப் பெயர். எல்லோரும் கிரேடியைப் பார்த்தார்கள்.

"சத்தியமா நான் இல்லை" என்றான் அவன், பயந்துபோய்.

பிறகு எல்லோரும் கொரினைப் பார்த்தார்கள்.

அவள் காது மடல் வரைக்கும் சிவந்தது. லொரெட்டாவுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை நாள் பிரசங்கம்! எத்தனை ரொட்டி! வாயைத் திறந்தால் ஒரு வாரத்துக்கு மூடமாட்டாள். ஆனால் மகளின் கண் நிரம்புவதைப் பார்த்து மூடியே வைத்திருந்தாள்.

"இந்த ஒரு கடைதாம்மா" என்றாள் கொரின். குரல் உடைந்தது. "புக்கிங் திறந்த அன்னிக்குக் காலையில அலாரம் வச்சு எந்திரிச்சேன். கிரேடிக்குக்கூடத் தெரியாது. வேணாம் வேணாம்னுதான் நினைச்சேன், ஆனா கை நிக்கல. நீ ஒளிஞ்சு புக் பண்ணுவியோன்னு முதல்ல எனக்குச் சந்தேகம் இருந்துது. நானும் பண்ணுவேன்னு நினைக்கலைம்மா. நான் அப்படியே உன்னை மாதிரியே ஆயிட்டேன். நாளைக்கு இந்தக் குழந்தை வளர்ந்து, என்கூட எங்கயும் வர மாட்டேன்னு சொல்லும். போன் பண்ணிக் கண்டிஷன் போடும்."

அப்படியென்றால் தன்னோடு வராமல் இருந்த மூன்று வருஷமும் இதற்குத்தானா என்று லொரெட்டாவுக்குச் சுருக்கென்றது. வலித்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"போட்டா போடட்டும்" என்றாள். "நீயும் சத்தியம் பண்ணிட்டு, குளியலறையில உக்காந்து திருட்டுத்தனமா புக் பண்ணு. பட்டினி போடாம இருந்தாச் சரி."

கொரினுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கில் ஒழுகியது. லொரெட்டா கைப்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டாள். பிறகு இளைஞனிடம் திரும்பி, "ஹாடிக்ஸ் மேஜையை அதோ அந்தக் குழந்தைங்களுக்குக் குடு தம்பி. எவ்வளவு நேரமா நிக்குதுங்க" என்றாள். ஈரத் துண்டுக்காரர், இந்தக் குடும்பத்துக்கு நன்றி சொல்வதா திட்டுவதா என்று தெரியாமல் உள்ளே போனார்.

மீன் வந்தது. கொரின் இரண்டு தட்டு சாப்பிட்டாள். கடைசியில் அவள் விரலை நக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அக்டோபர்ல வந்துடும்மா."

"எத்தனாம் தேதி?" என்று லொரெட்டாவின் வாயிலிருந்து அதுபாட்டுக்கு வந்து விழுந்துவிட்டது. கை ஏற்கெனவே போனில் இருந்தது.

கொரின் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை.

"அதுக்குத் தேதியெல்லாம் கிடையாதும்மா. அது எப்ப வருதோ அப்ப வா."

விமானத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே டிக்கெட் போட்டால்தான் ஜன்னலோர இடம் கிடைக்கும் என்று லொரெட்டா சொல்ல நினைத்தாள். பல் மருத்துவரிடம் லீவு கேட்கத் தேதி வேண்டும் என்று சொல்ல நினைத்தாள். ஒன்றையும் சொல்லாமல் போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"சரி" என்றாள். "எப்ப கூப்பிட்டாலும் வரேன்."