காற்றைத் திறக்கும் முன்

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கார் ஷெட்டில் மூன்று வாரம் வேலை பார்த்தேன். அங்கிருந்த பிரேக் மெக்கானிக்கைப் போல எனக்கு எரிச்சலூட்டியவர் வேறு யாருமில்லை. ஒல்லி உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

அன்றைக்கு ஒரு காரின் பின்சக்கரத்துத் தட்டைக் கவ்வி நிறுத்தும் டிஸ்க் பிரேக் கேலிப்பரைக் கழற்றியிருந்தோம். கடல்காற்றில் துருப்பிடித்து, உள்ளே பிஸ்டன் இறுகிக் கிடந்தது. கம்ப்ரஸர் காற்றால்தான் அதை வெளியே தள்ள வேண்டும். பாய்ந்து வரும் பிஸ்டனைத் தடுக்க எதிரே ஒரு மரக்கட்டையைச் செருகினார். அது நழுவாமல் நான் விரலால் பிடித்தேன்.

"கைய எடு. ரெண்டையும் மேல தூக்கு."

தூக்கினேன். கொஞ்சமாகக் காற்று விட்டார். பிஸ்டன் அசையவில்லை, கட்டைதான் நகர்ந்தது. நான் கை நீட்டியதும் காற்றை மூடிவிட்டார். கட்டையைச் சரிசெய்து மறுபடியும், "தூக்கு." இப்படியே ஏழெட்டுத் தடவை. வாசலில் கார்க்காரர் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, போலீஸ் புடிச்ச மாதிரி கைய தூக்கிக்கினு நிக்கிறேன்! ஒரே அடியா தொறந்து வுடு. உன் விரல் பத்தும் நல்லாத்தானே கீது, இன்னா பயம்?" என்றேன்.

"என்னுது நல்லாத்தான் கீது நைனா," என்றார். "தூக்கு."

தூக்கினேன். டமாரென்று பிஸ்டன் பாய்ந்ததில் கட்டையில் பள்ளம் விழுந்தது. அவர் கட்டையைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படியானால் போனது யாருடைய விரல் என்று கேட்க வாயெடுத்தேன். அந்த விரல் போனபோது காற்றைத் திறந்தது யாரென்று புரிந்துவிட்டதால் கேட்கவில்லை.