மூணாம் நம்பர் காற்று

மின்விசிறித் தொழிற்சாலையில் அவளுக்கு மூணாம் நம்பர் என்று பெயர். பரிசோதனை மேசையில் மற்றவர்கள் விசிறியை ஒன்றாம் வேகத்தில் ஓட விட்டு, இரண்டில் கொஞ்சம் காது கொடுத்துவிட்டு முத்திரை குத்திவிடுவார்கள். அவள் மூன்றில் வைத்து, முகத்துக்கு நேரே திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். வாங்கிப் போகிறவன் மூன்றில்தானே வைப்பான் என்பது அவள் கட்சி.

அத்தனை காற்றிலும் கூந்தல் கலையாமல் இருக்கிறதே என்று மற்ற பெண்களுக்குப் பொறாமை. அது விக் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மழைக்காலத்தில் உதிர ஆரம்பித்த முடி, புருவத்தையும் கூட்டிக்கொண்டுதான் நின்றது. வைத்தியர் கையை விரித்துவிட்டார். அவள் நேராகக் கடைக்குப் போய், கழுத்தைத் தொடும் கருகரு முடி ஒன்றைத் தனக்குப் பிடித்த மாதிரி பார்த்து வாங்கிக்கொண்டாள். உள்ளே சின்னச் சின்னக் கிளிப்புகள் இருந்தன. ஆனால் கிளிப் கடிக்கவும் முடி வேண்டுமே! இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வைத்துக் காலத்தை ஓட்டினாள்.

ஒரு நாள் காலை அவசரத்தில், முகத்துக்குக் கிரீம் பூசிய கையை நெற்றிக்கு மேலேயும் இழுத்துவிட்டாள். பிசுபிசுப்பில் டேப் பிடிக்கவில்லை. மேசையில் விசிறியை மூன்றுக்குத் திருகியதும் முன்பக்கம் மூடி மாதிரித் தூக்கிக்கொண்டது. கையை உயர்த்துவதற்குள் கூந்தல் பறந்தது. பின்மேசையில் ஓடிக்கொண்டிருந்த விசிறியின் முதுகுக் கூண்டு அதை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.

அவள் எழுந்து போய் அந்த விசிறியை அணைத்தாள். கூந்தலைப் பிய்த்தெடுத்து, உதறி, தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்தது" என்றாள்.

ஃபோர்மேன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது.

"இனிமே எதுக்கும்மா அது? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சே. கழட்டி வச்சிட்டு நிம்மதியா வேலையப் பாரு. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

"நீங்க நினைக்கிறதுக்காக நான் வைக்கல சார். எனக்குப் பிடிச்சிருக்கு."

தேன் நின்றது. "அப்ப பேக்கிங்குக்குப் போயிடு. ஓடுற விசிறிகிட்ட முடி பறந்து ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

"பறந்தாத்தானே? திங்கக்கிழமை இழுத்துப் பாருங்க. கையோட வந்துச்சுன்னா நானே பேக்கிங்குக்குப் போயிடுறேன்."

அவள் கணவர் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கிறவர். விஷயத்தைக் கேட்டதும், "சம்பளம் ஒண்ணுதானே, போயிடேன்" என்றார்.

"விசிறி பேசும். அட்டைப்பெட்டி பேசுமா? அங்க போய் நான் யாரு வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

அவர் விக்கை வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினார். "சீட்டு உறை ஏன் நழுவல? டேப்பா ஒட்டுறோம்? எலாஸ்டிக் இழுத்துப் பிடிக்குது."

கிளிப்புகளை எல்லாம் வெட்டி எடுத்தார். காதோரத்திலிருந்து மறு காதோரம் வரை, பின்தலையைச் சுற்றிவரும்படி பட்டையான எலாஸ்டிக் தைத்தார். போட்டுப் பார்த்ததில் மண்டை விண்விண்ணென்று தெறித்தது.

"புருவம் இருந்திருந்தா இந்நேரம் உச்சிக்கு ஏறியிருக்கும்" என்றாள்.

விரற்கடை அளவு தளர்த்தினார். இழுத்தால் இன்னும் நழுவியது. தன் தையல் கடையில் மிச்சமாகிக் கிடந்த வெல்வெட்டில், இரண்டு பக்கமும் சொரசொரப்பு இருக்கும்படி ஒரு பட்டி தைத்து, முதலில் அதை அவள் தலையைச் சுற்றிக் கட்டினார். அதன்மேல் விக்.

"வலிக்குதா?"

"நீங்க இழுங்கன்னா இழுங்க."

திங்கட்கிழமை நெற்றியை உலர்ந்த துண்டால் அழுத்தித் துடைத்தாள். கிரீம் டப்பாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஃபோர்மேன் அவள் மேசையைச் சுற்றி மூன்று விசிறிகளை வைத்திருந்தார். மூன்றும் மூன்றில் ஓடின. கூந்தல் நுனி அலைபாய்ந்தது. வேர் அசையவில்லை.

"இழுங்க சார்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பொம்பளை முடியில் எப்படிக் கை வைப்பது? ஸ்டோரில் பெட்டி தூக்கும் அக்காவை வரச் சொன்னார்.

"நான் இழுத்தா தலையே வந்துரும்டி" என்றாள் ஸ்டோர் அக்கா.

"வந்தா ரெண்டையும் சேத்து பேக் பண்ணி அனுப்பிடுக்கா."

அக்கா ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். கழுத்து சாய்ந்தது. நாற்காலியின் முன்கால்கள் தரையை விட்டுக் கிளம்பின.

"தலை வருது சார். முடி வரல."

ஃபோர்மேனுக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். அவர் தன் இடது காதுக்கு மேல் நீளமாக வளர்த்து, வழுக்கையைத் தாண்டி வலது காது வரை படிய வாரி வைத்திருந்த முடி, மூன்று விசிறிகளின் காற்றில் எழுந்து நட்டமாக நின்றது. ஸ்டோர் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது.

அவர் உள்ளங்கையால் தலையை அமுக்கிக்கொண்டார். "சரி, சரி. இங்கயே இரு. வேலையப் பாரு."

அவள் பையைத் துழாவி, கணவர் வெட்டி எடுத்த கிளிப்புகளில் இரண்டை மேசை ஓரத்தில் வைத்தாள்.

"உங்களுக்கு இது போதும் சார். கடிக்க முடி இருக்கு."

அவர் முறைத்தார். தொடவில்லை.

அவள் அடுத்த விசிறியை இழுத்து முன்னால் வைத்து, மூன்றில் திருகி, கண்ணை மூடிக்கொண்டாள். எங்கோ ஒரு திருகாணி லேசாகக் கடகடத்தது. அது எது என்று பிடிபடும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது மேசை ஓரத்தில் கிளிப்புகள் இல்லை.