பொன்னகரம் தேடிப் போனவரின் மகள்

மோட்டார் கடையில் அவளுக்கு இரண்டு பெயர். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அவள் மெக்கானிக்கம்மா. கூடப் படித்தவர்களுக்கு இன்றைக்கும் இளவரசி. இந்த இரண்டாவது பெயர் அப்பாவால் வந்தது.

அப்பா குழாய் ரிப்பேர் பார்ப்பவர். மலைகளுக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள் ஒரு பொன்னகரம் மறைந்து கிடக்கிறது, வீட்டுக் கூரையெல்லாம் தங்கத் தகடு என்று அவர்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தேடிப் போனவர்களும் உண்டு. நிலம் அளக்கும் அதிகாரி ஒருவர் போய்க் காய்ச்சலோடு திரும்பினார். அண்ணன் தம்பி இருவர் போனதில் தம்பி மட்டும் வந்தார். அப்புறம் அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அது பொழுது போகாதபோது பேசுகிற கதை. அப்பாவுக்கு மட்டும் மண்டைக்குள் புகுந்துகொண்டது. பள்ளிக்குக் கிளம்பி நின்ற மகளின் தலையைத் தடவி, உன்னை இளவரசி மாதிரி வைத்துக்கொள்கிறேன் பார் என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்பவில்லை. அவள் அதை வகுப்பு முழுக்கப் பெருமையாகச் சொல்லித் தொலைத்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அம்மா மூலையில் உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. தன் தம்பியின் மோட்டார் கடையில் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டக் கற்றுக்கொண்டாள். மகள் வளர்ந்ததும் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். மோட்டாரின் கருகிய கம்பியை வெட்டி எடுத்து, அது இருந்த பள்ளங்களைச் சுரண்டி, காகிதம் செருகி, புதுச் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைக்க வேண்டும். போனவன் போனவன்தான் என்று மாமா அடிக்கடி முணுமுணுப்பார். அம்மா ஆமாம் என்றும் சொல்ல மாட்டாள், இல்லை என்றும் சொல்ல மாட்டாள்.

மலையடிவாரத்திலிருந்து பம்பு மோட்டார் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருநாள் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். அங்கே ஒரு பெரியவர் இருக்கிறாராம். பொன்னகரம் தேடி வருகிறவர்களை ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போவாராம். மற்ற நேரத்தில் குழாய் வேலை. ஸ்பேனரைப் பிடித்துவிட்டால் நாக்கு நுனியைக் கடித்துக்கொள்வாராம்.

அவள் கையிலிருந்த கம்பி நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு குழாய் முடுக்குகிற ஒருவரை அவளுக்குத் தெரியும். வெளியூரில் ஒரு வேலை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அம்மா துருவிக் கேட்காததுதான் அவளுக்கு ஆச்சரியம்.

பெரியவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வழக்கமாக வருகிறவர்களில் ஒருத்தி என்று நினைத்து, முன்னால் நடந்து மேட்டுக்குக் கூட்டிப்போனார். வெயில் இறங்கியபோது எதிர் மலையில் வரிசை வரிசையாகக் கூரைகள் பளபளத்தன. ஒரு நிமிடம் அவளும் நம்பிவிட்டாள்.

"அது பாறைம்மா," என்றார் அவர். "சாயங்கால வெயிலுக்கு அப்படித் தெரியும். நான் அங்கேயே போய்ப் பார்த்துட்டேன். பேசாம வீட்டுக்குப் போயிடுங்க."

"நீங்க ஏம்ப்பா வீட்டுக்குப் போகலை?"

அவர் திரும்பிப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல் வருஷமே தெரிஞ்சுபோச்சும்மா. வெறுங்கையோட எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது? நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு காலம் ஓடிப்போச்சு."

"நாங்க தங்கம் கேட்கவே இல்லையே."

இன்னும் நிறையத் திட்ட வேண்டும் என்று இத்தனை வருடமாகச் சேர்த்து வைத்திருந்தாள். அதையெல்லாம் விட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வந்தவர்களில் ஒருவரையும் காட்டுக்குள் விட்டதில்லை என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஊரார் வீட்டு அப்பாக்களையெல்லாம் இவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதை நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவருக்கு ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தாள்.

வாசலில் நின்றவரை அம்மா மேலும் கீழும் பார்த்தாள். கை கால் கழுவிவிட்டு வரச் சொன்னாள். சாப்பாடு போட்டாள். மேட்டில் நடந்ததை மகள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். அத்தோடு சரி. கடைக்குப் பின்னாலிருந்த அறையில் அப்பா படுத்துக்கொண்டார். தெருவில் ஒழுகுகிற குழாய்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரி செய்தார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டே போய் வந்தார். மாதங்கள் போயின.

ஒரு மத்தியானம், மோட்டார் பள்ளங்களைச் சுரண்டிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே கேட்டாள்.

"அந்தப் பாறை நிஜமாவே தங்கம் மாதிரிதான் இருக்குமா?"

அப்பா திடுக்கிட்டுப் போனார். பிறகு முக்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்து, முதலில் மஞ்சளாக வரும், அப்புறம் சிவக்கும் என்று ஆரம்பித்தார். பனி மூட்டம் இருந்தால் ஒன்றும் தெரியாது என்பதையும் மறைக்கவில்லை. அம்மாவின் கை வேலையை நிறுத்தவே இல்லை.

"அங்க நின்னு பார்க்குறப்ப எங்க ரெண்டு பேர் நினைப்பு வருமா?"

அப்பா முக்காலியை அம்மா பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். அவர்கள் பேசட்டும் என்று மகள் சத்தம் போடாமல் எழுந்து, வார்னிஷ் காய்ந்த மோட்டார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.