அஸர்வரை முறியாத ஒளு

பேதி நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று வீடே நிம்மதியாக இருந்த நாளில்தான் என் மகள் ஆபத்தில் இருந்தாள்.

சகோதரிகளே, அல்லாஹ் செய்த உதவியை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. அதனால் சொல்கிறேன். நான் காரைக்காலில் இருக்கிறேன். கணவருக்குத் துபாயில் வேலை. மகள் ஹஸீனாவுக்கு எட்டு வயது. சென்ற கோடை விடுமுறையில் கோட்டுச்சேரியில் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்தோம். மறுநாளே அவளுக்கு வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டன. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. கஞ்சி கொடுத்தாலும் வாந்தி, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தாலும் வாந்தி. பாத்ரூமுக்கும் பாய்க்குமாக அலைந்து துரும்பாகிவிட்டாள்.

அப்புறம் எல்லாம் தானாக நின்றது. மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு அவளே எழுந்து, முகம் கைகால் கழுவி ஒளு செய்து, என் பக்கத்தில் உட்கார்ந்தபடி தொழுதாள். என் மாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. துபாய்க்கும் தகவல் போய்விட்டது.

தொழுதுவிட்டுப் படுத்தவள் படுத்தபடியே கிடந்தாள். தண்ணீர் கொடுத்தால் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். டாக்டரிடம் போகலாம் என்றதும் ஊசிக்குப் பயந்து அழுதாள். அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை. எனக்கு அது என்னவோபோல் இருந்தது.

"அலுப்புல கெடக்குது புள்ள. தூங்க விடும்மா. சும்மா நோண்டாத" என்றார் மாமியார்.

மதியம் லுஹர் தொழுகையில், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவில் கிடந்து அழுதேன். "யா அல்லாஹ், இவ உடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல. நீதான் எனக்குக் காட்டித் தரணும்." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மாலையில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் அவளை எழுப்பினேன். "வாடா தங்கம், ஒளு செய்யலாம். மூஞ்சியில தண்ணி பட்டா கொஞ்சம் தெளிவா இருக்கும்."

"வேணாம்மா. சுபுஹுக்குச் செஞ்ச ஒளு அப்படியே இருக்கு."

அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை. ஒரே ஒளுவில் அடுத்தடுத்த வேளையும் தொழுவது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குள் ஒரு போட்டி. சிறுநீர் கழித்தால் ஒளு முறிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். படுத்துத் தூங்கினாலும் முறியும் என்பதுதான் இன்னும் மண்டையில் ஏறவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"அப்ப காலையிலேர்ந்து நீ ஒண்ணுக்கே போகலையா?"

"வரவே இல்லம்மா."

அல்லாஹ் காட்டித் தந்துவிட்டான். அவளை அள்ளித் தூக்கினேன். கொழுந்தன் காரை எடுத்தார். அஸரை ஆஸ்பத்திரியில் தொழுதுகொள்ளலாம் என்று கிளம்பிவிட்டோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா அவளுடைய நாக்கைப் பார்த்தார். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். "கடைசியா எப்ப யூரின் போனா?" என்று கேட்டார். சொன்னேன். உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிசல்ட் வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"கிட்னி வெளியேத்த வேண்டிய கிரியேட்டினின்ங்கிற கழிவு ரத்தத்துல கூடியிருக்கும்மா. பேதி நின்னா மட்டும் போதாது. போன தண்ணி திரும்ப உடம்புக்குள்ள வரணும். அது வராததால கிட்னி வேலை செய்யத் திணறுது. இன்னும் கெட்டுப்போகல. இப்பவே கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. வீட்லயே வச்சிருந்தீங்கன்னா ரொம்பக் கஷ்டமாயிருக்கும்."

குளுக்கோஸ் ஏற்றினார்கள். யூரினை அளந்து பார்க்க ஒரு டப்பாவைக் கட்டிலடியில் வைத்தார்கள். இனி அது வரவேண்டும். வந்தால்தான் கிட்னி திரும்பிவிட்டது என்று அர்த்தம். வீடு கேட்டு, விசா கேட்டு எத்தனையோ துஆ செய்திருக்கிறேன். பிள்ளை ஒரு தடவை ஒண்ணுக்குப் போகவேண்டும் என்று கையேந்தியது அன்றைக்குத்தான். பக்கத்துக் கட்டிலில் பேரனோடு இருந்த வரிச்சிக்குடி ஊர்க்கார அம்மாவும் என் மகளுக்காகத் தன் மாரியம்மனிடம் அதையே வேண்டிக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில், பாங்கு கேட்கிற நேரத்தில் ஹஸீனா கண்ணைத் திறந்தாள். "உம்மா, ஒண்ணுக்கு வருது."

டப்பாவை எடுத்துப் பிடித்தேன். பால் விடாத தேநீர் நிறத்தில் கொஞ்சம்போலத்தான் வந்தது. நர்ஸ் அளந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "வந்துடுச்சா?" என்று வரிச்சிக்குடி அம்மா எழுந்தே நின்றுவிட்டார். பிள்ளைதான் உதட்டைப் பிதுக்கினாள்.

"என் ஒளு போயிடுச்சேம்மா."

"போகட்டும்டா" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அடுத்தடுத்த ரத்தப் பரிசோதனைகளில் கிரியேட்டினின் இறங்கியது. நல்லபடியாக வீட்டுக்கு வந்தோம். அல்ஹம்துலில்லாஹ், இன்றுவரை ஒரு குறையும் இல்லை. இப்போது பிள்ளைகளுக்கு வாந்தி பேதி என்றால் எங்கள் வீட்டில் முதல் கேள்வி, ஒண்ணுக்குப் போனாயா என்பதுதான். துபாயிலிருந்து போன் வந்தாலும் ஸலாம் சொன்ன கையோடு அதுதான். மாமியார் தெருவையே கேட்கிறார்.

சகோதரிகளே, உங்கள் மனம் ஒப்பாத இடத்தில் அவனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பிள்ளை என்ன சொல்கிறது என்று காதுகொடுங்கள். எனக்குப் பதில் அங்கிருந்துதான் வந்தது.

கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது, உடம்பின் கழிவை நீக்கியதற்காக அல்லாஹ்வைப் புகழ ஒரு துஆ இருக்கிறதே, அதைச் சின்ன வயதிலிருந்து என் வாய் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது ஹஸீனா பாத்ரூம் கதவைத் திறந்துகொண்டு அதை ஓதியபடி வருகிறாள். அடுப்படியில் இருந்தபடியே நானும் கூடச் சொல்லிக்கொள்கிறேன்.