அரிசியில் எழுதிய பெயர்

நவம்பர் 11, 2025, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். வருகைப் பட்டியலில் அச்சடித்திருந்த பெயரை அப்படியே வாசித்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது உண்மை. ஆனாலும் என் காதின் மேல் எனக்கே சந்தேகம் உண்டு. அதனால் நேரம் குறித்து எழுதி வைக்கிறேன்.

ஊரில் கேம்ப் என்கிற பகுதியில் எங்களுக்கு மாலை ஆங்கில வகுப்பு. இந்த வாரம் வருகை எடுக்கும் வேலையை, பாடம் நடத்தும் பாத்திமா மேடம் என்னிடம் கொடுத்திருந்தார். ஏரவாடாவிலிருந்து வரும் சாந்தகுமாரி அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார்.

"தம்பி, லிஸ்ட்ல என் பேரு வைதேஹின்னு இருக்கும். கல்யாணத்தன்னைக்கு மாமியார் வீட்டுல தட்டுல அரிசியப் பரப்பி எழுதி வெச்ச பேரு. மராட்டிக்காரங்க வழக்கம். இங்கயாவது என்னை சாந்தகுமாரின்னு கூப்பிடுங்க. அந்தப் பேரு மட்டும் வேணாம்."

7.04. நான் "வைதேஹி" என்றேன்.

"ஹஜர்."

பெண் குரல். கடைசி பெஞ்சிலிருந்து. அங்கே யாரும் இல்லை. எங்கள் வகுப்பில் எல்லோரும் 'பிரசென்ட்' என்றுதான் சொல்வோம்.

"ஹஜரா? எந்த மராட்டி ஸ்கூல்லருந்துடா தப்பிச்சு வந்துச்சு?" என்றான் சுனில். எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது பெஞ்சில் இருந்த அக்கா சிரிக்கவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

நவம்பர் 13, வியாழன்.

சுனிலின் வேலையாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா மேலேயே கூடச் சந்தேகப்பட்டேன். ஆளைப் பிடித்துவிடலாம் என்று, இன்று வேண்டுமென்றே...

7.03. இருவர் வாயையும் பார்த்துக்கொண்டு "வைதேஹி" என்றேன்.

சுனிலின் உதடு அசையவில்லை. அக்காவின் உதடும் அசையவில்லை.

"ஹஜர்."

இந்தத் தடவை மூன்றாவது பெஞ்ச். அக்காவுக்கு நேர் பின்னால். காலி பெஞ்ச்.

க்ரீச்...

அக்கா எழுந்தார். அவர் முந்தானை பின் பெஞ்சில் கிடந்தது. இழுத்தார்.

வரவில்லை.

யாரோ அதன்மேல் உட்கார்ந்திருப்பது போல...

"ஏன் தம்பி கூப்பிட்டீங்க?"

மறுபடி இழுத்தார்.

கிழிந்தது.

போய்விட்டார்.

8.35. வகுப்பு முடிந்ததும் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருகைப் பட்டியலை வாங்கி மூடினார்.

"வைதேஹிங்கிறது அவ வீட்டுக்காரரோட முதல் சம்சாரம். இந்த வகுப்புலதான் படிச்சா. எத்தனை சொன்னாலும் 'ஹஜர்'னுதான் சொல்லுவா. இறந்து நாலு வருஷம் ஆச்சு. அப்புறம் வந்தவளுக்கும் அதே பேர வெச்சுட்டாங்க. வாய்க்குப் பழகிப்போச்சாம்."

நான் இரண்டு தடவைதான் அந்தப் பெயரைச் சொன்னேன். அக்கா வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வார்கள்?

9.10. அக்காவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலை எட்டு மணிக்குள் ஏரவாடா போக வேண்டும். அக்கா வீட்டு வாசலில் நின்று, உள்ளே இருக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி, சாந்தகுமாரி என்று கூப்பிட வேண்டும்.