சவ வண்டியின் இடப்பக்க இருக்கை

உலு திராமில் எங்கள் வீட்டு வாசல் குழாயடியில் ஒரு பச்சை வாளி இருக்கும். கைப்பிடி உடைந்து கம்பி கட்டிய பழைய வாளி. பொழுது சாயும் நேரத்தில் என் மாமியார் அதில் தண்ணீர் நிரப்பி, கொஞ்சம் மஞ்சள் தூள் தூவி, பக்கத்தில் துண்டும் கைலியும் வைத்துவிடுவார். மாமனார் அங்கேயே தலையில் ஊற்றிக்கொண்டு, உடை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். நான் மருமகளாக வந்த புதிதில் இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர் தினமும் ஒரு சவ வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

மாமனார் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் மீன் பிடிப்பார்கள், குருவி வளர்ப்பார்கள். இவர் பழைய ஆம்புலன்சுகளையும் சவ வண்டிகளையும் தேடிப் பிடித்து, துரு சுரண்டி, மறுபடியும் ஓட வைப்பார். ஏன் இந்த ஆசை என்று ஒருமுறை கேட்டேன். "கல்யாணக் காடிய எல்லாரும் போட்டோ எடுத்து வச்சுக்குவாங்கம்மா. இந்த வண்டிங்க வேல முடிஞ்சா எப்படா கண்ணுல இருந்து போகும்னு பாப்பாங்க. பாவம்லா," என்றார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு பரிவு அந்தக் குரலில்.

மாமியாரிடம் இதற்கென்றே ஒரு சட்டப் புத்தகம் இருந்தது, மனசுக்குள். ஆம்புலன்சைத் தொட்டால் கால் கழுவினால் போதும், அதில் போனவர்களில் நிறையப் பேர் பிழைத்துத் திரும்பியிருப்பார்கள். சவ வண்டிக்குத் தலை முழுக வேண்டும். மழையில் நனைந்து வந்தாலும் அந்த நனைதல் கணக்கில் வராது, வாளித் தண்ணீர்தான். வண்டி எங்கள் கேட்டைத் தாண்டக்கூடாது என்பதால் எதிரே இருந்த காலி மனையில் தகரக் கொட்டகை போட்டு அங்கே நிறுத்தியிருந்தார் மாமனார். அந்த வண்டியை மாமியார் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. எப்போதும் 'அது'தான்.

அது அழகான வண்டி என்பதை நான் சொல்லியாக வேண்டும். ஒரு பழைய பட்டறைக்குப் பின்னால் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த நிலையில் கிடைத்ததாம். நீளமான கறுப்பு உடல், பக்கவாட்டில் பெரிய கண்ணாடிகள், மூலைகளில் செதுக்கிய மரத்தூண்கள். பின்னால் பெட்டியை உள்ளே தள்ளுவதற்காக உருளைகள் பதித்த நீண்ட பலகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி துடைக்கப் போன நான், ஆசைப்பட்டு, முன்பக்கத்தில் இடப்பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். நங்கென்று தலை கூரையில் இடித்தது. ஓட்டுநர் இருக்கையைவிட அது ஒரு சாண் உயரமாக இருந்தது. "ஏன் மாமா இப்படி?" என்றேன். அவர் தூணுக்கு மெருகு போட்டுக்கொண்டே, "அது ஒனக்குச் செஞ்சது இல்லம்மா," என்றார். மாமியார் மிகவும் குள்ளம். காரில் உட்கார்ந்தால் அவருக்குச் சாலை தெரியாது, வானம்தான் தெரியும். எனக்குப் புரிந்துவிட்டது. தன் மனைவி என்றைக்காவது ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து வரவேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதருக்கு.

வண்டி தயாரானதும் சிகாமட்டில் பழைய வாகனக்காரர்கள் கூடும் விழாவுக்கு அழைப்பு வந்தது. எல்லோரும் குடும்பத்தோடு, ஆளுக்கு ஒரு பலகாரத்தோடு வரவேண்டும். மாமனார் ஒரு நாள் முழுக்கத் தயங்கிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். மாமியார் ரசம் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"அதுல நான் ஏறப்போறது ஒரே தடவைதாங்க. அதுவும் பின்னாடிதான். இப்ப என்ன அவசரம்?"

நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். மாமனாரும் சிரித்தார், ஆனால் அன்றைக்கு அவர் இரண்டாவது முறை சோறு வாங்கவில்லை. கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது. மாமியார் அரிசிச் சேமியாவில் மீஹூன் பிரட்டித் தருவார். அதை எடுத்துக்கொண்டு எங்கள் காரில், நான் ஓட்ட, சவ வண்டிக்குப் பின்னால் வருவார். என் கணவருக்கு அன்று சிங்கப்பூரில் வேலை.

காலையில் புறப்பட்டோம். மாமனார் வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையுமாக முன்னால், பழைய சாலையில் நிதானமாக. செடெனாக் வந்ததும் எங்கள் புதுக் கார் இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. கண்ணாடியில் எங்களைக் காணாமல் மாமனார் திரும்பி வந்தார். பட்டறைக்காரர் வந்து பார்த்து, சாமான் வர மறுநாள் ஆகும் என்று சொல்லிக் காரை இழுத்துக்கொண்டு போனார். செம்பனை மரங்களின் ஓரத்தில் நாங்கள் மூவர், ஒரு பெரிய சட்டி மீஹூன், உச்சிக்கு ஏறும் வெயில், எதிரே பளபளவென்று அது.

"நீங்க போங்க. நாங்க பஸ்ஸு பாத்து வீட்டுக்குப் போறோம்," என்றார் மாமியார்.

மாமனார் வாடிய முகத்தோடு சட்டியை மட்டும் பார்த்தார். மாமியாரும் சட்டியைப் பார்த்தார். தன் கையால் சமைத்தது யாரும் சாப்பிடாமல் கெட்டுப்போவதை அவரால் தாங்க முடியாது. அவர் கண்கள் ஒருமுறை வண்டியின் பின்பக்கத்துக்குப் போயின, உடனே திரும்பின. "சோத்த அங்க வைக்க முடியாது," என்று தீர்ப்பு வந்தது. "சட்டி என் மடியில இருக்கட்டும். நான் முன்னாடி உக்காந்துக்குறேன். நீ பின்னாடி ஏறிக்க."

நீ என்றால் நான்!

உருளைப் பலகையில் உயிரோடு பயணம் செய்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். மாமனார் பிரேக் போட்டால் நான் முன்னால் உருண்டு வருவேன், வேகம் எடுத்தால் பின்கதவுவரை போவேன். மரத்தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முன்னால் திறந்திருந்த சிறு கண்ணாடி வழியாக அவர்கள் பேச்சு கேட்டது. கொஞ்ச நேரம் மாமியார் சட்டியை இறுக்கிப் பிடித்து, கந்தா கந்தா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே பார்க்கத் தொடங்கினார். லாரிகள் ஓரம் கட்டின. கடை வாசலில் ஒரு மலாய்ப் பெரியவர் மரியாதையாக எழுந்து நின்றார். ஒரு பாட்டி கைகூப்பினார். மாமியார் மெல்லத் தலையசைத்தார். அடுத்த ஊருக்குள் நுழையும்போது மந்திரி மாதிரி இரு பக்கமும் தலையசைத்துக்கொண்டு வந்தார்.

"ஏங்க, நம்ம காடிக்கு ஒருத்தனும் இப்படி வழி விட்டதில்லலா."

சிம்பாங் ரெங்கத்தில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது ஒரு மோட்டார் சைக்கிள்காரன் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தான். நான் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தேன். "அலமாக்!" என்ற அலறலோடு அவன் இடப்பக்கச் சந்துக்குள் பாய்ந்து மறைந்தான். முன்னால் இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. அவர்கள் சேர்ந்து அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

சிரிப்பு அடங்கியதும் மாமியார் கேட்டார். "ரோடு நல்லாத் தெரியுதே எனக்கு?"

"சீட்ட கொஞ்சம் ஏத்தி வச்சேன்."

"எப்ப?"

"மொதல்லயே. பெயிண்டு அடிக்கிறதுக்கு முன்னாடியே."

மாமியார் சட்டியை இன்னொரு தொடைக்கு மாற்றிக்கொண்டார். சிகாமட் வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விழாவில் மீஹூன் முதலில் தீர்ந்தது. எங்கிருந்து வந்தது, எதில் வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் மாமியாரே கைபிடித்துக் கூட்டிப்போய் இருக்கையைக் காட்டினார். வண்டியைக்கூட இல்லை, இருக்கையை.

திரும்பி உலு திராம் வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டியைக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த மாமனார் வழக்கம்போல் குழாயடிக்குப் போய்ச் சட்டைப் பொத்தானில் கை வைத்தார். காலையில் நிரப்பிய வாளி அப்படியே இருந்தது. மாமியார் வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நீ தலை முழுகிட்டு வா. பின்னாடி உக்காந்தவ." பிறகு அவர் பக்கம் திரும்பினார். "நீங்க முன்னாடிதான உக்காந்தீங்க? முன்னாடி உக்காந்தா ஒண்ணுமில்ல. உள்ள வாங்க."

மாமனார் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்து நின்றார். நான் அந்தக் குளிர்ந்த மஞ்சள் தண்ணீரைச் சிரித்துக்கொண்டே தலையில் ஊற்றிக்கொண்டேன்.

இப்போது அந்தப் பச்சை வாளியில் சோப்புத் தண்ணீர்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரே தூக்கிக்கொண்டு போய் வண்டியின் இடப்பக்கக் கதவைத் துடைக்கிறார். மாமனார் மட்டும் பழக்கத்தை விடவில்லை. இன்றும் கொட்டகையிலிருந்து வந்து, குழாயடியில் ஒரு நிமிடம் சும்மா நிற்பார். அந்தக் குரலைக் கேட்கத்தான் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும், மாமியாருக்கும் தெரியும்.

"உள்ள வாங்கலா. காப்பி ஆறுது."